டஸ்கனி மேடுகளில் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிக்குப் போய் சைக்கிள் ஓட்டப்போகிறேன் என்று யாராவது சொன்னால், அடுத்த வாரமே அவரிடமிருந்து சந்தேகங்கள் வரத் தொடங்கும். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வழிகள் எல்லாம் டஸ்கனியில், புளோரன்ஸுக்கும் அமியாத்தா மலைக்கும் இடைப்பட்டவை. வடக்கே கியாந்தி, நடுவில் சியெனா, அதற்குத் தெற்கே க்ரேதே செனேசி என்ற களிமண் மேடுகள், இன்னும் தெற்கே வால் தோர்ச்சா.

இத்தாலியில் சைக்கிள்னாலே ஆல்ப்ஸ், டோலமைட்ஸ்தானே? எதுக்கு டஸ்கனி?

ஆல்ப்ஸ்தான் கனவு என்றால் தாராளமாக அங்கேயே போங்கள். ஆனால் ஸ்டெல்வியோ கணவாய் 2,758 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனியை அகற்றிக் கோடை நெருங்கும்போதுதான் திறப்பார்கள். ஏறத் தொடங்கிவிட்டால் உச்சிக்குப் போக வேண்டும், அல்லது வந்த வழியே இறங்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

டஸ்கனியில் சிறு சாலைகள் பின்னிக் கிடக்கின்றன. கால் ஒத்துழைக்காவிட்டால் அடுத்த முக்கில் திரும்பி நாளைச் சுருக்கிக்கொள்ளலாம். மார்ச் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை ஓட்டலாம். முதல்முறை போகிறவருக்கு என் வாக்கு இதற்குத்தான்.

மலையே இல்லையே, வெறும் மேடு பள்ளம்தானே? இதுல என்ன கஷ்டம்?

உயரத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வழியில் வரும் ஊர்களைப் பாருங்கள்: கிரேவே 236 மீட்டர், சியெனா 322, ராத்தா 530, காஸ்தெல்லினா 578. இதில் பயப்பட என்ன இருக்கிறது? ஆனால் இருநூறு மீட்டர் ஏறுவீர்கள், அதை முழுக்க இறங்கித் தொலைப்பீர்கள், மறுபடி இருநூறு ஏறுவீர்கள். மாலைவரை இதேதான். ஒரு மலையும் ஏறாமலே நாள் முடிவில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஏறியிருப்பீர்கள்.

இன்னொரு விஷயம், இங்கே ஊர்கள் எல்லாம் குன்றின் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் காலத்தில் எதிரி வருவதைப் பார்க்க உயரம் தேவைப்பட்டது. தாழ்வான பள்ளத்தாக்குகளில் மலேரியாவும் இருந்தது. அதனால் இன்று உங்கள் காபி, மதியச் சாப்பாடு, கட்டில் எல்லாமே ஒரு ஏற்றத்தின் முடிவில் இருக்கும். காலையில் புத்துணர்ச்சியோடு கிளம்பும்போது இறக்கம், களைத்து வரும் மாலையில் ஏற்றம்.

ஆகவே கிலோமீட்டரை நம்பாதீர்கள், ஏற்ற மீட்டரை எண்ணுங்கள். ஒரு வழியின் மொத்த ஏற்றத்தைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 10 மீட்டர் என்றால் சுகமான நாள். 15 என்றால் வழக்கமான கியாந்தி நாள். 20ஐத் தொட்டால் அன்று வேறு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவும் ஏறியிருக்கேன். அது போதாதா?

தெம்பு போதும், பழக்கம் போதாது. நம்மூர் மலைச் சாலையில் ஒரு கியரில் விழுந்து, ஒரே மூச்சுக் கணக்கில் உச்சிவரை போகலாம். இங்கே இருநூறு அடிக்கு ஒருமுறை சரிவு மாறும். 4 சதவீதம் என்று நினைத்து வளைவு திரும்பினால் 12 நிற்கும். கியரை முன்கூட்டியே மாற்றத் தெரியாதவர்களுக்குச் சங்கிலி கழன்றுவிழும் இடம் அதுதான்.

பயிற்சிக்கு ஒரு பெரிய மலையைவிட ஒரு சின்ன மேடு நல்லது. ஒரு கிலோமீட்டர் ஏற்றமாகப் பார்த்து, ஏறி இறங்கி ஏறி இறங்கி, பத்தாவது முறையும் முதல் முறைபோல ஏற முடிகிறதா என்று பாருங்கள்.

எந்த மாசம் போறது?

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை, அல்லது செப்டம்பரும் அக்டோபர் முதல் பாதியும். வசந்தத்தில் க்ரேதே முழுக்கப் பச்சைக் கோதுமை. அறுவடை முடிந்தபின் அதே இடம் சாம்பல் நிறத்தில் நிலவைப்போல் வெறிச்சோடிக் கிடக்கும், எனக்கு அதுவும் பிடிக்கும். செப்டம்பரில் கியாந்தியில் திராட்சை பறிப்பு. குறுகிய சாலையில் டிராக்டருக்குப் பின்னால் கொஞ்ச நேரம் பொறுமையாகப் போக வேண்டியிருக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். நமக்கென்ன வெயில் புதிதா என்று கேட்பவர்கள் உண்டு. வெயில் புதிதில்லை, நிழலே இல்லாத 25 கிலோமீட்டர் ஏற்ற இறக்கம் புதிது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டி இத்தாலியே விடுமுறையில் இருக்கும், அறை கிடைப்பது சிரமம். ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டு நாளும் சியெனாவில் பாலியோ குதிரைப் பந்தயம். அன்று சைக்கிளோடு ஊருக்குள் நுழையும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

என் சைக்கிளையே விமானத்துல கொண்டுபோகவா, அங்க வாடகைக்கு எடுக்கவா?

ஒரு வாரத்துக்குக் குறைவு என்றால் வாடகை. புளோரன்ஸ், சியெனா, கயோலே போன்ற இடங்களில் நல்ல சாலை சைக்கிள்கள் கிடைக்கின்றன, சீசனில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். உங்கள் உயரம், உட்காரும் இருக்கையின் உயரம் இரண்டையும் எழுதி அனுப்புங்கள். பெடலையும் சீட்டையும் மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப்போனால் பாதி வலி குறையும்.

மின்சார சைக்கிள் வேண்டுமென்றால் அங்கேயே எடுப்பதைத் தவிர வழியில்லை. அந்த அளவு பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

என்ன கியர், என்ன டயர் கேட்டு வாங்கணும்?

முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 32 அல்லது 34. கடைக்காரர் 28 போதும் என்றால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். அவர் அந்த மேடுகளிலேயே வளர்ந்தவர்.

டயர் தார்ச் சாலைக்கு மட்டும் என்றால் 28 மில்லிமீட்டர். வெள்ளைச் சாலையும் உண்டென்றால் 32 அல்லது அதற்கு மேல், காற்று கொஞ்சம் குறைத்து. வெள்ளைச் சாலை என்ன என்று கீழே வருகிறது.

அங்க வலது பக்கம் ஓட்டணுமே, குழம்பாதா?

இந்தியா, இலங்கை, மலேசியாவிலிருந்து போகிற எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. நேர்ச் சாலையில் குழப்பம் வராது, முன்னால் போகும் வண்டியைப் பார்த்தே பழகிவிடும். ஆபத்து இரண்டு இடத்தில். ஒன்று, காபி குடித்துவிட்டு ஆளில்லாத சாலையில் மறுபடி ஏறும்போது. கை தானாக இடப்பக்கம் திருப்பும். இரண்டு, ரவுண்டானா. அங்கே கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். நுழைவில் தலைகீழ் முக்கோணப் பலகை இருந்தால் உள்ளே சுற்றுபவருக்கே முன்னுரிமை, அவர் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வருவார்.

பிரேக்கையும் சரிபாருங்கள். இத்தாலியில் வழக்கமாக இடக்கைப் பிடி முன்சக்கரத்துக்கு. வலக்கையில் முன்பிரேக் பழகியவர் மணல் இறக்கத்தில் பழக்கதோஷத்தில் இடதை அழுத்தினால் விழுவது உறுதி. கடையிலேயே மாற்றித் தரச் சொல்லலாம்.

புளோரன்ஸிலிருந்து சியெனா ஒரே நாளில் போயிடலாமா? எந்த வழி?

போகலாம். கியாந்திஜானா என்று அழைக்கப்படும் 222ஆம் எண் சாலைதான் வழி. ஏறக்குறைய 70 கிலோமீட்டர், ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கு மேல். ஊரைவிட்டு வெளியே வரும்வரை போக்குவரத்து எரிச்சலூட்டும். ஆனால் அந்த எரிச்சலுக்கு நடுவில்தான் பொன்தே ஆ ஏமா இருக்கிறது, 1914இல் ஜினோ பர்தாலி பிறந்த ஊர். 1938, 1948 இரண்டு ஆண்டுகளிலும் தூர் தெ பிரான்ஸ் வென்றவர். இடையில் போர்க்காலத்தில் பயிற்சிக்குப் போவதுபோலப் புளோரன்ஸுக்கும் அசீசிக்கும் இடையே ஓட்டிக்கொண்டு, யூதர்களைக் காப்பாற்றத் தயாரித்த போலி அடையாளத் தாள்களைச் சைக்கிள் சட்டத்துக்குள் ஒளித்துக் கொண்டுபோனார். உயிரோடு இருந்தவரை இதைப்பற்றி அவர் பெரிதாக வாய் திறக்கவில்லை. 2013இல்தான் இஸ்ரேலின் யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வஷேம் அவரைக் கௌரவித்தது. அந்த ஊரில் அவர் பெயரில் ஒரு சைக்கிள் அருங்காட்சியகம் இருக்கிறது. திறந்திருந்தால் உள்ளே போய்விட்டுப் போங்கள்.

அப்புறம் ஸ்த்ராதா இன் கியாந்தி வரை ஏற்றம், கிரேவேக்கு இறக்கம். கிரேவேயின் முக்கோணச் சதுக்கத்தில் காபி. அங்கிருந்து பன்சானோவுக்கு ஏறினால் முதல் பெரிய ஏற்றம் முடியும். பிறகு பேசா ஆற்றுவரை இறங்கி, காஸ்தெல்லினாவுக்கு நீண்ட ஏற்றம், அன்றைய நாளின் உண்மையான சோதனை அதுதான். காஸ்தெல்லினாவுக்குப் பிறகு பெரும்பாலும் இறக்கம்.

அந்த இறக்கத்தில் ஃபொன்தெருதோலி என்ற சிற்றூர் வரும். புளோரன்ஸும் சியெனாவும் எல்லைத் தகராறைத் தீர்க்க, சேவல் கூவியதும் இரு பக்கமிருந்தும் ஒரு குதிரை வீரன் கிளம்ப வேண்டும், சந்திக்கும் இடமே எல்லை என்று ஒப்புக்கொண்டார்களாம். புளோரன்ஸ்காரர்கள் தங்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள், அது பசியில் விடியுமுன்பே கூவிவிட்டது. சியெனா ஆள் ஃபொன்தெருதோலி வருவதற்குள் எதிரில் புளோரன்ஸ் ஆள் வந்து நின்றான் என்பது கதை. கியாந்தி ஒயின் புட்டிகளில் இருக்கும் கறுப்புச் சேவல் அதுதான். சியெனாவுக்கு இவ்வளவு பக்கத்தில் எல்லை விழுந்திருக்கிறதே என்பது அந்த இறக்கத்தில் போகும்போது நன்றாகவே புரியும்.

ஒரு எச்சரிக்கை. இரு ஊர்களுக்கும் நடுவே நான்கு வழி வேகச் சாலை ஒன்று உண்டு. அதில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. வழிகாட்டிப் பலகைகள் அந்தப் பக்கம் இழுத்தால் மயங்க வேண்டாம்.

ஊர் மாறாம ஒரே இடத்துல தங்கி கியாந்தியைச் சுத்த முடியுமா?

முடியும். தங்க எனக்குப் பிடித்தது கயோலே. அது பள்ளத்தில் இருக்கும் அபூர்வமான ஊர். மாலையில் வீடு திரும்பும்போது இறக்கம்! வடக்கே பாதியா ஆ கொல்திபுவோனோ என்ற பழைய மடத்துக்கு மரநிழலில் ஏறி, ராத்தா போய், அங்கிருந்து கயோலேக்கு இறங்கினால் அரை நாள் சுற்று. கால் இருந்தால் ராத்தாவிலிருந்து காஸ்தெல்லினாவுக்கு நீட்டிக்கொள்ளலாம். அந்தப் பத்துச் சொச்சம் கிலோமீட்டர் முகட்டின் மேலேயே போகிறது, அதனால் ஏற்றம் குறைவு, இருபக்கமும் காட்சி.

தெற்கே ப்ரோலியோ கோட்டை. 1861இல் இத்தாலியின் இரண்டாவது பிரதமரான பெத்தினோ ரிகாசோலியின் குடும்பக் கோட்டை. கியாந்தி ஒயினில் எந்தத் திராட்சை எவ்வளவு சேர வேண்டும் என்பதற்கு வழி வகுத்தவரும் அவரே.

வெள்ளைச் சாலைன்னு சொல்றாங்களே, அது மண் ரோடா?

சுண்ணாம்புக் கல் பொடித்துப் போட்டு இறுக்கிய சாலை. காய்ந்திருந்தால் வெள்ளையாகப் புழுதி பறக்கும். நல்ல இடங்களில் தார்ச் சாலைக்குச் சமமாக ஓடும். மோசமான இடங்களில் கார்கள் போய்ப் போய் அலையலையாக வரிப்பள்ளம் விழுந்திருக்கும், பல் ஆடும்.

இவ்வளவு பணக்காரப் பகுதியில் ஏன் இன்னும் தார் போடவில்லை என்று அடுத்து கேட்பார்கள். இங்கே நெடுங்காலம் வாரக்குடி முறை இருந்தது, விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுதவருக்கு. ஒவ்வொரு பண்ணை வீட்டுக்கும் ஒரு சாலை தேவைப்பட்டது. 1950, 60களில் குடியானவர்கள் ஆலை வேலைக்கு நகரம் போய்விட்டார்கள், வீடுகள் காலியாயின. ஆளில்லாத சாலைக்கு யார் தார் போடுவார்கள்? பிறகு மக்கள் திரும்பி வந்து, தார் போடும் பேச்சும் வந்தபோது, இவற்றைக் காக்க வேண்டும் என்று ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர் 1997இல் கயோலேயில் ஒரு சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார். பெயர் எரோயிகா. முதல் ஆண்டு வந்தது 92 பேர்தான்.

எரோயிகாவுக்குப் பழைய சைக்கிள்தான் வேணுமாமே? நான் சாதாரண சைக்கிள்ல அந்த வழியை ஓட்டக்கூடாதா?

அக்டோபர் தொடக்கத்தில் நடக்கும் அந்த ஓட்டத்துக்குத்தான் விதி. 1987 அல்லது அதற்கு முந்தைய சாலை சைக்கிள், கியர் நெம்புகோல் சட்டத்தின் சாய்வுக் குழாயில், பிரேக் கம்பி வெளியே தெரிய வேண்டும், பெடலில் வார்ப்பட்டி. உடையும் அந்தக் காலத்துக் கம்பளிச் சட்டை. நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் விடியுமுன் இருட்டில் கிளம்பி, இருபுறமும் விளக்கு வைத்த சைப்ரஸ் மரப் பாதையில் ப்ரோலியோவுக்கு ஏறுவார்கள். வழியில் இளைப்பாறும் இடங்களில் புரதப் பொடி கிடையாது. ரிபொல்லீத்தா என்ற ரொட்டியும் கீரையும் பயறும் போட்ட கெட்டிக் கஞ்சி, ரொட்டி, ஒயின்.

மற்ற நாளில் அதே 209 கிலோமீட்டர் வழி நிரந்தரமாகப் பலகை போட்டுத் திறந்தே இருக்கிறது. எந்தச் சைக்கிளிலும் எப்போதும் போகலாம், கட்டணம் இல்லை. மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கும் மேல். மேலே சொன்ன வகுத்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஒரே நாளில் முடிக்கும் ஆசை தானாக அடங்கும். மூன்று நாளாகப் பிரித்தால் மிக அழகான பயணம்.

ஸ்த்ராதே பியான்கே பந்தயம் நடக்கிற ரோட்டை நாமளும் ஓட்டலாமா?

ஓட்டலாம், எல்லாம் பொதுச் சாலை. எரோயிகாவின் வாலைப் பிடித்துக்கொண்டு 2007இல் பிறந்த தொழில்முறைப் பந்தயம் இது. இப்போது மார்ச் தொடக்கத்தில் நடக்கிறது, பெண்கள் பந்தயம் 2015இல் சேர்ந்தது. ஃபபியான் கான்செல்லாரா 2008, 2012, 2016 என மூன்று முறை வென்றார். மோந்தே சாந்தே மரியே என்ற 11.5 கிலோமீட்டர் வெள்ளைச் சாலைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 2024இல் ததேய் பொகாசார் முடிவுக்கு 81 கிலோமீட்டர் இருக்கும்போதே தனியாகப் பிரிந்து போய் வென்றது அந்தச் சாலைப் பகுதியில்தான்.

நீங்கள் போனால் அதை ஒரு முழுப் பொழுதாக வைத்துக்கொள்ளுங்கள், வழியில் கடையோ குழாயோ எதிர்பார்க்க வேண்டாம். சியெனாவுக்குப் பக்கத்தில் கொல்லே பின்சூத்தோ, லே தோல்ஃபே என்ற இரண்டு குட்டி வெள்ளைச் சாலைகள் உண்டு. பின்னது ஒரு கிலோமீட்டர்தான், ஆனால் 18 சதவீதம்வரை நிமிரும். மணலில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். உட்கார்ந்தே, எடையைப் பின்னால் வைத்து ஏறுங்கள். முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை.

பந்தயம் முடியும் சாந்தா கதெரினா தெரு சியெனாவுக்குள் 16 சதவீத ஏற்றம், கல் பாவியது. நடக்கும் மக்கள் நிறைய. விடியற்காலையில் போங்கள்.

மழை பெஞ்சா என்ன பண்றது?

கியாந்தியில் கொஞ்சம் பொறுத்துவிட்டு ஓட்டலாம். க்ரேதேயில் வெள்ளைச் சாலையைத் தொடாதீர்கள். அந்தக் களிமண் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே அப்பிக்கொண்டு சைக்கிளை நிறுத்திவிடும். 2010 ஜிரோ, அதாவது இத்தாலியைச் சுற்றும் பந்தயத்தில், மொந்தால்சினோவில் முடிந்த கட்டம் மழையில் நடந்தது. வென்ற காடெல் எவன்ஸ் உலக சாம்பியன் சட்டை அணிந்திருந்தார், ஆனால் சட்டை நிறம் தெரியாத அளவுக்குச் சேறு. அவர்களுக்குப் பின்னால் கார் வரும், உங்களுக்கு வராது. ஒரு நாள் காயவிட்டுப் போங்கள்.

போட்டோல வர்ற வளைஞ்சு வளைஞ்சு போற சைப்ரஸ் ரோடு எங்க இருக்கு?

வால் தோர்ச்சாவில், மொந்திக்கியெல்லோ பக்கம் ஒன்று, லா ஃபோச்சே பக்கம் ஒன்று. இந்தப் பள்ளத்தாக்கு 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, அதனால் கார்களும் சேர்ந்துகொண்டன. சான் குயிரிகோவிலிருந்து பியென்சா வழியாக மொந்தேபுல்சியானோ போகும் முகட்டுச் சாலைதான் எல்லோரும் புகழ்வது. காட்சி உண்மையிலேயே அபாரம், ஆனால் பத்து மணிக்கு மேல் வாடகைக் கார்கள் படம் எடுக்கத் திடீர் திடீரென்று நிற்கும். காலை ஏழரைக்கு அதை முடித்துவிட்டு, பியென்சாவிலிருந்து மொந்திக்கியெல்லோ பக்கம் இறங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

நான் ஒரே ஒரு சாலையைத்தான் சொல்லலாம் என்றால் வால் தோர்ச்சாவை விட்டுவிட்டு லவ்ரெத்தானாவைச் சொல்வேன். சியெனாவுக்கு வெளியே தவெர்னே தார்பியாவிலிருந்து ஆஷானோ போகும் 438ஆம் எண் தார்ச் சாலை. மேட்டின் முதுகிலேயே ஏறி இறங்கிப் போகும், மரம் இருக்காது, வானமும் உழுத மண்ணும் மட்டும்.

தண்ணி எங்க கிடைக்கும்?

கியாந்தி ஊர்ச் சதுக்கங்களில் குழாய் உண்டு. குடிக்க ஆகாதது என்றால் 'நோன் பொதாபிலே' என்று எழுதியிருக்கும். ஊரே இல்லாத இடத்தில் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிக்கு ஊற்ற அங்கே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும், இத்தாலிய சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. இதிலும் அந்த எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். லவ்ரெத்தானாவுக்கு இரண்டு பாட்டில் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

நான் சைவம். பட்டினி கிடக்கணுமா?

வேண்டாம். பீச்சி என்ற தடித்த கை நூடுல்ஸைத் தக்காளி, பூண்டுச் சாற்றோடு தருவார்கள், மதியத்துக்கு அதுவே போதும். கோடையில் பன்சனெல்லா, ரொட்டியும் தக்காளியும் வெங்காயமும். ரிபொல்லீத்தா, சூப் வகைகளில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கலாம், கேட்டுவிடுங்கள். பியென்சாவின் பெக்கொரீனோ போன்ற பாலாடைக்கட்டிகளை உறைய வைக்கக் கன்று, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பது வழக்கம். தீவிர சைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. ரொட்டியில் உப்பு இருக்காது. சமையல்காரர் மறக்கவில்லை, டஸ்கனியில் அப்படித்தான்.

சைவத்தைவிட நேரம்தான் பெரிய பிரச்சினை. சமையலறை இரண்டரைக்கு மூடிவிட்டால் இரவு ஏழரைவரை சூடான சாப்பாடு கிடையாது. சின்ன ஊரில் மளிகைக் கடையும் மதியம் சாத்தியிருக்கும். ஒரு மணிக்கு எந்தக் குன்றின் மேல் இருப்பீர்கள் என்பதைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள்.

மதியம் ஒரு கிளாஸ் ஒயின் குடிச்சிட்டு ஓட்டலாமா? சட்டம் என்ன சொல்லுது?

லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் என்ற வரம்பு சைக்கிள்காரருக்கும் உண்டு. சட்டத்தை விடுங்கள், சாப்பாட்டுக்குப் பின் வருவது ஏற்றமா இறக்கமா என்று பாருங்கள். புட்டியை வாங்கி விடுதிக்கு அனுப்பச் சொல்வது நல்ல வழி.

மற்றபடி, ஊருக்கு வெளியே ஒருவர்பின் ஒருவராகத்தான் போக வேண்டும். மணி கட்டாயம். இருட்டிய பிறகு ஊருக்கு வெளியிலும், சுரங்கச் சாலையில் எப்போதும், ஒளி பிரதிபலிக்கும் மேற்சட்டை கட்டாயம். பெரியவர்களுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் போடுங்கள். 2024 டிசம்பரில் வந்த திருத்தத்தின்படி, இடமிருந்தால் கார்கள் ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் முந்த வேண்டும். அவசர எண் 112.

நாய் துரத்துமா? காட்டுப்பன்றி இருக்காமே?

பன்றி நிறைய, ஆனால் இருட்டும் நேரத்தில்தான் சாலைக்கு வரும். நாயில் கவனிக்க வேண்டியது ஆட்டு மந்தையோடு இருக்கும் பெரிய வெள்ளை மரேம்மா நாய். ஓநாயிடமிருந்து ஆட்டைக் காப்பது அதன் வேலை, வேகமாக வரும் நீங்களும் அதற்கு ஓநாய்தான். இறங்குங்கள், சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெல்ல நடங்கள், மந்தைக்குள் புகாதீர்கள்.

செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் வேட்டைக் காலம். காட்டோரம் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். செவ்வாயும் வெள்ளியும் வேட்டைக்கு விடுமுறை. மற்ற நாளில் மரமடர்ந்த வெள்ளைச் சாலைக்குப் பளிச்சென்ற சட்டை போட்டுப் போங்கள்.

ரயிலில் சைக்கிளை ஏத்தலாமா?

பிராந்திய ரயில்களில், சைக்கிள் படம் போட்ட பெட்டியில் ஏற்றலாம். சில யூரோவுக்குத் தனி டிக்கெட். காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். அதிவேக ரயிலில் கழற்றிப் பையில் போட்டால்தான் அனுமதி. சியெனாவிலிருந்து புளோரன்ஸுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஆஷானோ, புவொன்கொன்வெந்தோ இரண்டிலும் நிலையம் உண்டு, ரயில்கள் குறைவு, ஞாயிறு இன்னும் குறைவு.

மேப்ல 60 கிலோமீட்டர்னு போட்டிருந்தது. ஆறு மணி நேரம் ஆச்சு. எங்க தப்பு?

கிலோமீட்டரை எண்ணியதுதான். இரண்டாம் கேள்வியின் வகுத்தலோடு இன்னொன்றையும் பாருங்கள். சாலை முகட்டின் மேல் போகிறதா, முகடுகளை வெட்டிக் குறுக்கே போகிறதா? ராத்தாவிலிருந்து காஸ்தெல்லினா முகட்டுச் சாலை. பன்சானோவிலிருந்து ராத்தாவோ குறுக்குச் சாலை. எதிர்க்குன்றில் ஊர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் லூகரெல்லி அருகே பேசா ஆறுவரை இறங்கி மறுபடி ஏற வேண்டும். ஒரே நாளில் மூன்று குறுக்குச் சாலை போட்டால் ஆறு மணி நேரம் ஆகத்தான் செய்யும். வழி வரையும்போது நீலக்கோடுகளை, அதாவது ஓடைகளை, எத்தனை முறை தாண்டுகிறீர்கள் என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றும் ஒரு ஏற்றம்.

செயலி தானாகப் போடும் வழியையும் அப்படியே நம்ப வேண்டாம். தூரத்தைக் குறைக்க அது உங்களை யாரோ ஒருவரின் திராட்சைத் தோட்டத்துக்குள் அனுப்பும்.

எங்க வீட்டுக்காரர் வேகமா ஓட்டுவார், நான் மெதுவா. சேர்ந்து போக முடியுமா?

உங்களுக்கு மின்சார சைக்கிள், அவருக்குச் சாதா. அங்கே மோட்டார் 25 கிலோமீட்டர் வேகத்தோடு நின்றுவிடும், ஆகவே ஏற்றத்தில் நீங்கள் முன்னால், சமதளத்தில் அவர் முன்னால். ஏற்ற மீட்டர் கணக்கு உங்கள் பேட்டரிக்கும் பொருந்தும், மதியம் சாப்பிடும் இடத்தில் சார்ஜ் போட முடியுமா என்று கேட்டுவையுங்கள்.

மூணு நாள்தான் இருக்கு. என்ன பண்ணலாம்?

முதல் நாள் புளோரன்ஸிலிருந்து சியெனா, மேலே சொன்ன வழியில். இரண்டாம் நாள் லவ்ரெத்தானா வழியே ஆஷானோ, அங்கிருந்து 14ஆம் நூற்றாண்டின் மோந்தே ஒலிவேத்தோ மடத்துக்கு ஏறி, புவொன்கொன்வெந்தோவில் இறங்கித் தங்கல். மூன்றாம் நாள் மொந்தால்சினோவுக்கு ஏறக்குறைய 400 மீட்டர் ஏற்றம், பின்புறம் சாந்தாந்திமோ மடம்வரை இறங்கிப் பார்த்துவிட்டு அதே மேட்டை மறுபடி ஏறி, புவொன்கொன்வெந்தோ திரும்பி ரயில். மடத்துக்கு இறங்கும்போது திரும்பும் ஏற்றத்துக்குக் கொஞ்சம் கால் மிச்சம் வையுங்கள்.

எல்லாம் சரி, ஒரு நிஜமான மலை ஏறணும். இருக்கா?

இருக்கிறது, அமியாத்தா. 1,738 மீட்டர், அணைந்த எரிமலை. அப்பாதியா சான் சல்வதோரேயிலிருந்து ஏறலாம். மேலே போகப் போகச் செஸ்நட் மரங்கள் முடிந்து பீச் காடு தொடங்கும், உச்சியருகே பெரிய இரும்புச் சிலுவை. வளைவுகளும் சீரான சரிவும், கொல்லிமலைக்காரர் இங்கேதான் தன் பலத்தைக் காட்டலாம். நல்ல நிழல், அதனால் ஜூலையிலும் ஏறலாம். கீழே 33 டிகிரி என்றாலும் இறக்கத்தில் குளிர் பிடிக்கும், மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை ஒன்றைப் பின்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.